கண்ணுக்கென்று ஒரு மரபணுவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆர்எக்ஸ்3 என்ற மரபணுவை முடக்கிய மீன் கருக்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். முடிந்ததும் ஒரு மாணவி, "அந்த மரபணு இருந்தால் கண் வரும், இல்லாவிட்டால் வராது, அவ்வளவுதானே மேம்?" என்று கேட்டாள். கட்டுரையிலிருந்த 'கண்ணை உருவாக்கும் மரபணு' என்ற தொடர்தான் அவளை அப்படி நினைக்க வைத்தது.

ஆய்வகங்களில் வளர்க்கப்படும் சிறு மீனான வரிக்குதிரை மீனின் முட்டை தாயின் உடலுக்கு வெளியே, கண்ணாடி போன்ற உறைக்குள் வளர்வதால் ஒவ்வொரு கட்டத்தையும் நுண்ணோக்கியில் உயிருடனேயே காணலாம். கருவுற்று ஏறத்தாழ 12 மணி நேரத்தில் முன்மூளையின் இரு பக்கமும் புடைத்து வெளியே நீள்வதையும், 24 மணி நேரத்தை ஒட்டி அந்தப் புடைப்புகளில் மை தொட்டு வைத்தாற்போல் கரிய நிறமி தோன்றுவதையும், ஆய்வு மாணவியாக இருந்த நாட்களில் இரவெல்லாம் விழித்திருந்து பார்த்திருக்கிறேன். கட்டுரை பேசும் ஆர்எக்ஸ்3 மரபணு செயலிழந்த கருவில் இந்தப் புடைப்பே நிகழ்வதில்லை. கண்ணாக வேண்டிய செல்கள் மூளைக்குள்ளேயே தங்கி, முன்மூளைச் செல்களின் இயல்பைப் பெற்றுவிடுகின்றன. ஆகவே ஒரு கூட்டம் செல்களை மூளையிலிருந்து பிரித்துக் கண்ணின் பாதையில் திருப்பிவிடுவதே அம்மரபணுவின் பணி. விழித்திரையின் அடுக்குகளை அமைப்பதில் அதற்குப் பின் வரும் பல மரபணுக்களுக்குப் பங்குண்டு. மெடாக்கா என்ற மற்றொரு சிறு மீனில் இதே மரபணுவின் ஒரு பிறழ்வில், கரு வளரும் நீரின் வெப்பநிலையைப் பொறுத்துக் கண் வருகிறது அல்லது வராமல் போகிறது.

மெக்சிகோவின் கண்ணற்ற குகை மீன்களையும் சேர்த்திருக்கலாம். அவற்றின் கருவில் கண் தோன்றத் தொடங்கிப் பிறகே சிதைகிறது. வெளிநீரில் வாழும் அதே இன மீனின் லென்ஸை ஆய்வாளர்கள் யாமமோட்டோவும் ஜெஃப்ரியும் குகை மீன் கருவில் பொருத்தியபோது, பொருத்திய பக்கத்தில் கண் வளர்ந்ததை 2000இல் வெளியிட்டார்கள்.

மரபணுவை எப்படி முடக்கினார்கள் என்பதைக் கட்டுரை சொல்லாதது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. மரபணுவின் செயலைத் தடுக்கும் மார்ஃபோலினோ என்ற செயற்கை மூலக்கூறை முட்டைக்குள் செலுத்தித் தற்காலிகமாகத் தடுத்தபோது தென்பட்ட குறைபாடுகள் பல, அதே மரபணுவை நிரந்தரமாகச் சிதைத்த மீன்களில் தென்படவில்லை என்று 2015இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. செலுத்திய பொருளின் பக்கவிளைவு இதற்கு ஒரு காரணம். ஒரு மரபணு பழுதானால் அதன் உறவு மரபணுக்கள் கூடுதலாக இயங்கி ஈடுகட்டுவதும் உண்டு. முறை தெரியாமல் முடிவை எடைபோட வாசகரால் இயலாது.

மனிதரிடம் இதற்கு இணையான ராக்ஸ் மரபணு பழுதுபட்டால் குழந்தை கண்ணில்லாமலோ மிகச் சிறிய கண்ணுடனோ பிறக்க நேரிடும். அத்தகைய குழந்தையின் பெற்றோரும் உங்கள் இதழைப் படிக்கக்கூடும் என்பதால்தான் ஒரு சொல்லுக்காக இவ்வளவு தூரம் எழுதுகிறேன். அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தக் குறிப்பையும், முடிந்தால் 12 மணி நேரக் கருவின் படம் ஒன்றையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் வாசகி,
மதுரை