பேச்சை மட்டும் தனியாகக் கற்க முடியுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழின் வேலைவாய்ப்புப் பக்கக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஒருவர் வேலையில் முன்னேற 85 சதவீதம் மென்திறன்தான், அதாவது பேச்சும் பழகும் விதமும்தான் காரணம், படிப்பும் தொழிலறிவும் மீதி 15 சதவீதம்தான் என்று அதில் இருந்தது. ஆத்தங்குடியில் 26 வருடமாக டைல்ஸ் பட்டறை நடத்துகிறேன். இதைப் படித்துவிட்டு சும்மா இருக்க மனம் வரவில்லை.

முதலில் அந்தக் கணக்கு. என் மகள் தேடித் தந்தாள். அமெரிக்காவில் சார்லஸ் மான் என்பவர் பொறியியல் கல்வி பற்றி 1918-இல் கார்னகி அறக்கட்டளைக்காக எழுதிய அறிக்கைதான் அதற்கு மூலம். பொறியாளருக்கு எந்தக் குணம் முக்கியம் என்று பொறியாளர்களிடமே கருத்துக் கேட்டு வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். யார் எதனால் முன்னேறினார் என்று அதில் அளந்து பார்க்கவில்லை. நூறு வருடத்துக்கு முந்தைய கருத்துக் கேட்பை இன்று வேலை தேடும் பிள்ளைகளிடம் சட்டம்போலச் சொல்வது சரியில்லை.

மென்திறன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எங்கே விளைகிறது என்பதுதான் கேள்வி.

நாலு வருடத்துக்கு முன் ஆர்டர் பிடிக்க ஒரு பையனை வைத்தேன். பட்டதாரி. பேச்சு அவ்வளவு இதமாக இருக்கும். பெங்களூரில் வீடு கட்டுகிற ஒருவர் வந்து, 15 நாளில் கல் (டைல்ஸை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வேண்டும், எல்லாம் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்றார். பையன் சிரித்த முகத்தோடு "கண்டிப்பா சார்" என்று சொல்லிவிட்டான். எங்கள் கல்லை அறிந்தவர்கள் இதைக் கேட்டாலே பதறுவார்கள். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் நிரப்பி மட்டம் செய்கிறோம். சூளையில் சுடுவதில்லை. தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் கிடந்து, அப்புறம் காய்ந்துதான் கல் இறுகும். கையால் ஊற்றுவதால் கல்லுக்குக் கல் நிறம் கொஞ்சம் மாறத்தான் செய்யும். கொடுத்த வாக்குக்காகத் தொட்டியிலிருந்து சீக்கிரமே எடுத்து அனுப்பினோம். போன இடத்தில் பல கற்களின் ஓரம் உதிர்ந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவனை ஒரு நாள்கூடக் கரண்டி பிடிக்க வைக்காதது என் தவறு.

அடுத்த ஆறு மாதம் பட்டறையில் மூத்த ஆள் ஒருவரின் பக்கத்தில் உட்கார வைத்தேன். முதல் வாரம் முழுக்க அவன் போட்ட பூவெல்லாம் கலர் ஒன்றோடொன்று கலந்து குழம்பிப் போயிற்று. இன்று அதே பையன் வருகிறவர்களிடம், "ரெண்டு கல் அச்சு அசலா ஒண்ணுபோல வராதுங்க. அவசரம்னா இந்தக் கல் உங்களுக்குச் சரிப்படாது. காத்திருந்தா, புழங்கப் புழங்கப் பளபளப்பு ஏறும்" என்கிறான். கேட்டவர்களில் பெரும்பாலோர் காத்திருக்கிறார்கள். முகம் கோணாமல் 'முடியாது' என்று சொல்ல அவனுக்கு இந்தத் தொழில்தான் கற்றுக் கொடுத்தது.

எங்கள் ஐயா பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது செட்டியார்களின் வட்டிக்கடையில் வேலை பழகும் எடுபிடிப் பையனாகப் போனவர். கிட்டங்கியை, அதாவது கடை நடக்கும் கட்டடத்தைக் கூட்டுவது, மைக்கூடு நிரப்புவது, கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது, இதெல்லாம் அவர் வேலை. கூடவே வட்டிக் கணக்கும் காணி, முந்திரி என்ற பின்னங்களும் மனக்கணக்காக வர வேண்டும். கடையில் மேலாளுக்கு அடுத்த நிலையில் இருந்த அடுத்தாளோடு வசூலுக்குப் போய், கடன் வாங்கியவர் மனம் நோகாமல் பாக்கி கேட்பது எப்படி என்று பக்கத்தில் நின்று பார்த்தார். பர்மியப் பேச்சும் அப்படித்தான் வந்தது. கணக்கு ஒரு பாடம், பழக்கவழக்கம் ஒரு பாடம் என்று யாரும் அவருக்குப் பிரித்துச் சொல்லித் தரவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கைநிறையத் தொழில் இருந்தும் விலை பேசத் தெரியாமல் இடைத்தரகர்களிடம் ஏமாந்த நல்ல தொழிலாளிகளை இங்கேயே பார்த்திருக்கிறேன். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் தொழில் திறனும் ஆங்கிலப் பேச்சும் சேர்ந்தே இருப்பது நல்ல விஷயம். ஆனால் பல கல்லூரிகளில் மென்திறன் என்றால் கடைசி வருடத்தில் இரண்டு நாள் வகுப்பு, கை குலுக்குவது எப்படி, டை கட்டுவது எப்படி, அவ்வளவுதான். அழகப்பச் செட்டியார் 1947-இல் கல்லூரி தொடங்கிய காரைக்குடியைச் சுற்றிப் படிப்புக்குக் குறைவில்லை. டைல்ஸ் பட்டறை, மரவேலைப் பட்டறை, கண்டாங்கித் தறி எல்லாம் பஸ் ஏறிப் போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. அந்த இரண்டு நாளுக்குப் பதில் மாணவர்களை மூன்று மாதம் இங்கே அனுப்பட்டும். கல்லூரிகள் கேட்டால் வருடத்துக்கு நான்கு பேரைச் சாப்பாடும் சிறு சம்பளமும் கொடுத்து நான் வைத்துக்கொள்கிறேன். மற்ற பட்டறைக்காரர்களிடமும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
டைல்ஸ் பட்டறை நடத்தும் வாசகர்,
ஆத்தங்குடி.