பெண்களுக்கு மட்டும் ஏன் ஒரே பிரிவு?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் வடசென்னையில் நடந்த ஒரு கை மல்யுத்தப் போட்டிக்கு என் தங்கையைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எடை மெஷினில் அவள் 52 கிலோ. ஆண்களுக்கு ஆறு எடைப் பிரிவு வைத்தவர்கள், பெண்களுக்கு எத்தனை என்று கேட்டால் "லேடீஸ் கம்மிங்க, எல்லாம் ஓப்பன்தான்" என்றார்கள். முதல் சுற்றிலேயே 80 கிலோவுக்குக் குறையாத ஓர் அக்காவோடு மோத வேண்டியதாயிற்று (அவர் மேல் தப்பில்லை, முடிந்ததும் அவரேதான் தங்கையின் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டார்). 'ரெடி, கோ' சொன்ன இரண்டே விநாடியில் இவள் தோள் வெளிப்பக்கம் திரும்பி, கை பின்னால் மாட்டிக்கொண்டது. நடுவர் சட்டென்று நிறுத்தியதால் தப்பித்தாள். அந்த நிலையில்தான் மேல்கை எலும்பு முறுக்கிக்கொண்டு முறியும், இது இந்த விளையாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து.

டெக்னிக் இருந்தால் எடை பெரிதில்லை என்பார்கள். சரி, அப்புறம் ஆண்களுக்கு எதற்கு ஆறு பிரிவு? உலகப் போட்டிகளில் பெண்களுக்கும் 50, 55, 60 கிலோ என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு, அதுவும் இடக்கை வேறு, வலக்கை வேறு. பளுதூக்குதலில் மீராபாய் சானு டோக்கியோவில் வெள்ளி வாங்கியதும் 49 கிலோ பிரிவில்தானே.

ஆள் குறைவு என்றால் 60 கிலோவுக்குக் கீழே, மேலே என்று இரண்டாகவாவது பிரிக்கலாம். பிரிவு இருந்தால்தான் ஆளும் வரும். தங்கையோடு பயிற்சி எடுக்கும் மூன்று பெண்கள் இதற்காகவே பெயர் கொடுக்கவில்லை.

நுழைவுக் கட்டணம் மட்டும் ஆண்களிடம் வாங்கிய அதே 300 ரூபாய்.

ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை