ரிபிள் ஆற்றங்கரையில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே அம்மா, பாப்பா, அம்மாயி, நான் எல்லோரும் நலம். உன் நலமறிய ஆவல். உன் மின்னஞ்சல் செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு வந்தது. பாப்பா சத்தமாகப் படித்துக் காட்டினாள். நம் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைக்காக நீ மிஷன் ஊழியம் செய்யும் இங்கிலாந்திலிருந்து ரிபிள் ஆற்றின் படமும் வந்தது.

திங்கள்கிழமைதான் வீடியோவில் பேசினோமே, அதற்குள் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். எனக்கு நேரில் பேச வராது என்பது உனக்குத் தெரியும். போன் திரையைப் பார்த்தால் இன்னும் வராது. அதனால் கடையில் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்து, இப்போது நல்ல தாளில் எழுதுகிறேன்.

முதலில் காலைப் பற்றிச் சொல்கிறேன். நனைந்த சாக்ஸோடு இருக்காதே. அறைக்கு வந்ததும் கழற்றிவிட்டுக் காலைத் துடை. விரல் இடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. உனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த இடத்தில் புண் வரும். நீ அனுப்பிய படத்தில் ஆற்றைவிட உன் ஷூவைத்தான் நான் அதிகம் பார்த்தேன். வலது ஷூவின் முனை வாய் பிளந்திருக்கிறது. நாளெல்லாம் நடக்கிறவனுக்கு ஷூதான் முதல் கருவி. அதில் மிச்சம் பிடிக்காதே.

இங்கே செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காரமடை விஷயம் ஒருவழியாக முடிந்தது, உன் மாமாவும் கையெழுத்துப் போட்டுவிட்டார். அம்மாவின் வளையலை மீட்டாகிவிட்டது, அதைப் பற்றி நீ இனிமேல் கேட்க வேண்டாம். உன் மிஷன் கணக்குக்கு மாதாமாதம் கட்டுவதில் இதுவரை ஒரு மாதம்கூடத் தவறவில்லை. கடையில் வேலை இருக்கிறது. பெரியப்பா வந்து போகிறார். வழக்கம்போல் காப்பி கேட்கிறார், அம்மா வழக்கம்போல் சுக்குமல்லி கொடுக்கிறாள். காப்பி, டீ கூடாது என்கிற நம் சபையின் ஞான வார்த்தை இந்த வீட்டுக்குள் வந்து பதினாறு வருடம் ஆகிறது, அவருக்கு மட்டும் இன்னும் பழகவில்லை.

உன் தினசரி அட்டவணையைப் பாப்பா எழுதி பீரோ கதவில் ஒட்டியிருக்கிறாள் அல்லவா, அதைப் பார்த்துத்தான் என் நாளும் ஓடுகிறது. ஆறரைக்கு எழுந்திருக்க வேண்டும், அரை மணி நேரம் உடற்பயிற்சி, பிறகு குளியல், சாப்பாடு, வேதப் படிப்பு. பத்து மணிக்கு வெளியே கிளம்ப வேண்டும். இரவு ஒன்பதுக்கு அறைக்குத் திரும்ப வேண்டும், பத்தரைக்கு விளக்கணைக்க வேண்டும். அங்கே ஆறரை என்றால் இங்கே பகல் பன்னிரண்டு. தினமும் பன்னிரண்டு மணிக்குக் கையில் இருக்கும் வேலையை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, தம்பி எழுந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வேன். உனக்கு விளக்கணையும் நேரம் இங்கே விடியற்காலை நான்கு. அந்த நேரத்துக்கு எனக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. தம்பி படுத்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டு நான் எழுந்துவிடுவேன்.

அதனால்தான் சொல்கிறேன், நேரத்துக்குத் தூங்கு. நேரத்துக்குச் சாப்பிடு. ரொட்டியையே தின்றுகொண்டிருக்காதே. குஜராத்திக்காரர் கடையில் பருப்பும் அரிசியும் கிடைக்கிறது என்று நீதானே சொன்னாய். வாரத்தில் ஒரு நாள் சொந்த வேலைக்கு விடும் பிரிபரேஷன் டே அன்று துவைத்து, கடைக்குப் போய்விட்டு வந்ததும் ஒரு குக்கர் சாதம் வைத்தால் இரண்டு பேருக்கும் ஆகும். உன்னோடு ஜோடியாக ஊழியம் செய்யும் கம்பானியனும் சாப்பிடட்டும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்பர் வரும், யார் வருவார், யார் போவார் என்று தெரியாது. ஆனால் இருக்கிறவரை நாள் முழுக்கக் கண்ணெதிரே இருக்கப் போகிறவன் அவன்தான். அவனோடு மனம் விட்டுப் பேசு.

எவ்வளவு பெருமையான ஊரில் இருக்கிறாய் தெரியுமா? உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். 1837-ல் நம் சபையின் அப்போஸ்தலர் ஹீபர் கிம்பலும் மற்றவர்களும் கப்பலில் வந்து இறங்கி நேராகப் போன ஊர் பிரெஸ்டன். அந்த ஜூலை 30 அன்று ரிபிள் ஆற்றில் ஒன்பது பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள். யார் முதலில் என்று போட்டி போட்டு ஆற்றங்கரைக்கு ஓடியிருக்கிறார்கள். அந்த ஆற்றங்கரையில் நம் வீட்டுப் பிள்ளை வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையும் போட்டுக்கொண்டு நிற்கிறான் என்றால் நான் என்ன சொல்ல? அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுகிறேன். பெங்களூருக்கு நம் சபையின் விசேஷச் சடங்குகளுக்கான ஆலயம் வரும் என்று 2018-ல் அறிவித்தபோது நாம் மூன்று பேரும் அழுதோம். நீயோ மிஷன் பயிற்சிக்குப் போன சோர்லி ஊரிலேயே ஆலயத்துக்குப் பக்கத்தில் தங்கி, உள்ளேயும் போய்விட்டு வந்துவிட்டாய். நம் குடும்பத்தில் முதலில் போனவன் நீதான்.

படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தாய். "தண்ணீர் ரொம்ப இருட்டாக இருக்கிறது அப்பா" என்று. பாப்பா அதைப் படித்துவிட்டு, அங்கே மழைக்காலம், அதனால்தான் என்றாள். இருக்கலாம்.

உன்மேல் எனக்கு வருத்தமும் உண்டு. பேசும்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாய். அம்மா சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன், குளிரா என்றால் குளிர்தான். நான் என்ன சொன்னாலும் "சரி அப்பா". 2019 பிப்ரவரிக்கு முன்னால் மிஷன் போன பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டோடு பேச முடியும். நம் கிளைச் சபையில் ஒரு தாய் அந்த இரண்டு நாளுக்காக வருடம் முழுக்கக் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். உனக்கு வாரா வாரம் பேசக் கிடைத்திருக்கிறது. அந்த நேரம் முழுக்க அம்மாவைக் கேள்வி கேட்க விட்டுவிட்டு நீ தலையாட்டிக்கொண்டிருந்தால் அவள் மனம் என்ன பாடுபடும்? போனை வைத்ததும் அடுப்படியில் போய் நின்றுகொள்கிறாள்.

இதை எழுதிவிட்டு ஒரு டெலிவரிக்காகப் பீலமேடு வரை போய்விட்டு வந்தேன். வந்து படித்துப் பார்த்தால், உன்மேல் பழி போடுகிறேன் என்று எனக்கே தெரிகிறது.

தம்பி, நான் மோட்டார் வைண்டிங் வேலை செய்கிறவன். இருபத்தாறு வருடமாக இதுதான் சோறு போடுகிறது. சுவிட்சைப் போட்டதும் வருகிற சத்தத்தை வைத்தே காயில் போய்விட்டதா, பேரிங் தேய்ந்துவிட்டதா என்று சொல்லிவிடுவேன். மோட்டாரைத் திறப்பதற்கு முன்பே வார்னிஷ் கருகிய வாடை எனக்குத் தெரிந்துவிடும். ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னாலும், இல்லை, ஓடுகிறது, ஆனால் சூடாகிறது, இப்படியே விட்டால் ஒரு நாள் மொத்தமாக எரிந்துவிடும் என்று சொல்லி நிறுத்த வைத்தவன் நான்.

அந்த நவம்பர் கடைசித் திங்கள்கிழமை உன் குரலில் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

நீ அங்கே சபைக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாய். உன் கம்பானியன் தூரத்தில் மேசையில் எழுதிக்கொண்டிருந்தான். "அப்பா, ஒன்று சொல்லணும், என்னால் இனிமேல்" என்று ஆரம்பித்தாய். நான் உன்னை முடிக்க விடவில்லை. மழை எப்படி என்று கேட்டேன். சாக்ஸைப் பற்றிக் கேட்டேன். பிறகு அந்தக் கிம்பல் கதையைச் சொன்னேன். அவரும் நம் சபையின் இன்னொரு தலைவர் பிரிகாம் யங்கும் 1839 செப்டம்பரில் இங்கிலாந்துக்குக் கிளம்பும்போது இரண்டு பேருக்கும் எழுந்து நிற்க முடியாத காய்ச்சல். அப்படியும் வண்டியை நிறுத்தச் சொல்லி, எழுந்து நின்று தொப்பியை வீசி "இஸ்ரவேலுக்கு ஜே" என்று மூன்று முறை கூவினார்கள். அவர்களே போனார்களே, உனக்கு என்ன குறை என்றேன். நீ கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாய். பிறகு சிரித்துவிட்டு "சரி அப்பா" என்றாய். அன்றிலிருந்துதான் எல்லாவற்றுக்கும் "சரி அப்பா".

அன்று உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. போனின் இந்தப் பக்கத்தில் என் எதிர் நாற்காலியில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். திரையில் அவர் தெரியவில்லை. நீ பேசியது அவருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. இஞ்சினியரிங் சீட்டை விட்டுவிட்டுக் கதவு தட்டப் போகிறான், ஆறு மாதத்தில் ஓடி வந்துவிடுவான், பார் என்று உன்னை வழியனுப்பிய அன்று அவர் எல்லோர் முன்னாலும் சொன்னாரே. நீ என்ன சொல்லப் போகிறாய் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அதை அவர் காதில் விழ வைக்கக் கூடாது என்றுதான் நான் பேசிக்கொண்டே போனேன். அடுத்த ஞாயிறு திருவிருந்துக் கூட்டத்தில் உன் ஊழியத்தைப் பற்றி நான் பேச வேண்டியிருந்தது. பேசினேன். எல்லோரும் கை குலுக்கினார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை.

விசுவாசம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். அது விசுவாசம் இல்லை தம்பி. என் அண்ணன் முன்னால் தலை குனிய எனக்கு மனமில்லை, அவ்வளவுதான். அதற்கு உன் வாயை அடைத்தேன்.

இது இரண்டாவது முறை என்பதும் எனக்குத் தெரியும். ஹாஸ்டல் விஷயத்தை இந்த வீட்டில் நாம் பேசுவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என் சட்டை நுனியைப் பிடித்தாய். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் உனக்கும் அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். அந்த மாத்திரைச் சீட்டை இன்னும் பர்ஸில்தான் வைத்திருக்கிறேன்.

அன்றைக்கும் நீ தூங்காமல்தான் இருந்தாய். உன் மின்னஞ்சல் காலை எட்டரைக்கு வந்தது என்று மேலே எழுதினேன் அல்லவா? அங்கே அப்போது அதிகாலை மூன்று மணி. அதற்கு முந்தையது வந்தபோது இரண்டே முக்கால். எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்த வண்டிக் கதையையும் இப்போது வேறு விதமாக நினைத்துப் பார்க்கிறேன். இத்தனை வருடம் நான் பார்த்ததெல்லாம் வண்டியில் எழுந்து நின்றவர்களைத்தான். வீட்டுக்குள் கிம்பலின் மனைவி விலேட் அதே காய்ச்சலில் படுத்திருந்தார். யங்கின் மனைவிக்குப் பிள்ளை பிறந்து இரண்டு வாரம். கூவல் கேட்டு அவர்கள் எழுந்து வாசலுக்கு வந்தார்கள் என்று நானே பத்து முறை சொல்லியிருக்கிறேன். வாசலில் நின்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தையாவது நான் யோசித்ததில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். உன் மிஷன் தலைவரிடம் போய், தூக்கம் இல்லை என்று அந்த வார்த்தையாலேயே சொல். சோர்வு, வீட்டு ஞாபகம் என்று பூசி மெழுகாதே. மிஷனில் இருக்கும் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகரைப் பார்க்க ஏற்பாடு செய்வார்கள். பார்த்து, மருந்து எடுத்து, அங்கேயே இருக்க உனக்கு மனம் இருந்தால் இரு. இல்லை, முடியவில்லை என்றால் வா. இரண்டு வருடம் முடிக்காமல் வந்தவன் என்று யாராவது சொன்னால் அவர்களுக்குப் பதில் சொல்ல நான் இருக்கிறேன். வீட்டில் இருந்தபடியே செய்யும் சேவை ஊழியமும் நம் திருச்சபையில் உண்டு. அதையும் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். மாடி அறையைப் பாப்பா இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. உன் கட்டில் அங்கேயேதான் கிடக்கிறது.

பெரியப்பாவிடம் நேற்று நானே சொல்லிவிட்டேன். தம்பிக்கு உடம்பு சரியில்லை, வந்தாலும் வருவான் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுக்குமல்லியை முழுதாகக் குடித்துவிட்டு, போகும்போது அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுச் சொல் என்றார். அவரைப் பற்றி நான் நினைத்தது அத்தனையும் சரியில்லை போலிருக்கிறது.

அடுத்த திங்கள் மூன்றரை மணிக்கு வீட்டுக்குக் கூப்பிடாமல் கடை போனுக்குக் கூப்பிடு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான் மட்டும்தான் இருப்பேன். அம்மாவிடம் பிறகு பேசிக்கொள்ளலாம். அன்று விட்ட இடத்திலிருந்து நீ சொல், நான் குறுக்கே பேச மாட்டேன். உனக்குச் சொல்ல வராவிட்டால் சும்மா இரு, நானும் சும்மா இருக்கிறேன். நேரம் முடிகிறவரை போனை வைக்க மாட்டேன்.

பார்சலில் அம்மா இடித்த சுக்குமல்லிப் பொடி இரண்டு பாக்கெட் இருக்கிறது. ராத்திரி தூக்கம் வராவிட்டால் கருப்பட்டி போட்டுச் சூடாகக் குடி. ஷூவுக்குத் தனியாகப் பணம் போட்டிருக்கிறேன், அதை வேறு எதற்கும் எடுக்காதே.

இப்படிக்கு,
அப்பா