உன் இருக்கையில் ஒரு பெரியவர்

செங்கோட்டை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். சாரல் பிடித்துக்கொண்டது. கொடியில் போட்ட துணி காய்வதில்லை, அப்பாவின் தவில் தோலும் தொய்ந்துபோய்க் கிடக்கிறது. நட்டை முறுக்குவதே அவருக்கு இப்போது முழுநேர வேலை.

நேற்று போனில் நீ பேசியது பாதி, விழுங்கியது பாதி. மணிக்கட்டுக்கு ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதையும், உனக்குப் பதிலாக யார் டிரம்ஸ் வாசிக்கப் போகிறார் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அந்தப் பெயரைக் கேட்டதும் உன் தம்பி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து துள்ளி எழுந்தான். அவன் போட்ட சத்தம் உன் காதிலும் விழுந்திருக்கும். அதற்காக அவன் மீது கோபித்துக்கொள்ளாதே. பதினேழு வயதுப் பையன். அந்தப் பெரியவர் வாசிப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் எங்கள் சாப்பாட்டுத் தட்டுகளையெல்லாம் நெளித்து வைத்திருக்கிறான்.

போஸ்டரையும் பார்த்தேன். அவர் முகம் நடுவில் பூசணிக்காய் போல இருக்கிறது. உன் குழுப் பிள்ளைகள் ஓரத்தில் கடுகாய்க் கிடக்கிறார்கள். உன் முகம் இல்லை. எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் போஸ்டர் அடிப்பவருக்குத் தெரிந்தது டிக்கெட் விற்பனை ஒன்றுதான். அந்தக் காகிதத்தை வைத்து உன் ஜாதகத்தைக் கணிக்காதே.

‘இனிமேல் என்னை யார் கேட்பார்கள்’ என்று நீ தம்பிக்கு எழுதியதை அவன் என்னிடம் காட்டிவிட்டான். இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

நம் தொழிலில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு என்பதை நீ மறந்துவிட்டாய். சிறப்புத் தவில் என்று சுவரொட்டிகளில் போடுவார்களே, அது என்ன? ஒரு நாகசுர செட்டில் எப்போதும் வாசிக்கும் தவில்காரர் இருப்பார். திருவிழாவுக்குக் கூட்டம் சேர வேண்டும் என்று கமிட்டி நினைத்தால் வலையப்பட்டியாரையோ ஹரித்துவாரமங்கலத்தாரையோ தனியாகப் பேசி அழைத்துவரும். அன்றைக்கு மேடையின் ராஜா அவர்தான். தவில் மட்டும் தனியாக ஒலிக்கும் ‘தனி’ அவருக்கு, கைதட்டல் அவருக்கு, பொன்னாடை அவருக்கு. மறுநாள் காலையில் அவர் அடுத்த ஊருக்குக் கார் ஏறிவிடுவார். செட்டின் தவில்காரர் அன்று மாலையே சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிக்க நிற்பார். உன் தாத்தா காலத்திலும் இப்படித்தான். ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத்துக்கு நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தவில் வாசித்ததைச் சொல்லத் தொடங்கினால் தாத்தா இலையில் போட்ட சோற்றை மறந்துவிடுவார். தன்னைவிடப் பெரிய கை ஒன்று இருப்பதில் அவருக்கு ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்லை.

உன் அப்பாவின் கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய். கொட்டாரக்கரைப் பக்கம் ஒரு கோயில் உற்சவத்துக்குப் பெரியப்பாவின் நாகசுர செட்டுக்கு அச்சாரம் வாங்கியாகிவிட்டது. புறப்படச் சில நாட்கள் இருக்கும்போது அப்பா ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். தவிலுக்கு இடது கையில்தானே குச்சி? மாவுக்கட்டோடு என்ன செய்வது? கமிட்டிக்காரர்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய வித்துவானைப் பேசிவிட்டார்கள். பெயரைக் கேட்டதும் பெரியப்பாவுக்கே கை நடுங்கியது. எனக்கு வந்தது கோபம். கையில் குழந்தை, வீட்டில் வருமானம் இல்லை, உன் அப்பாவோ வித்துவான் வரும் பஸ்ஸுக்குப் போய் நிற்கப் போகிறேன் என்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

போனார். அழைத்துவந்தார். இரவு முழுவதும் திண்ணையில் உட்கார்ந்து பெரியப்பா வாசிக்கும் முறையை ஒவ்வொன்றாகச் சொன்னார். பல்லவியை எத்தனை முறை திருப்புவார், சரணத்துக்கு முன்னால் மூச்சு எடுக்க எங்கே இடைவெளி விடுவார், களைத்துவிட்டால் எந்த ஸ்வரத்தில் போய் ஒதுங்குவார், எல்லாவற்றையும். வித்துவான் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். இரண்டு இடங்களில் மறுபடியும் சொல்லச் சொன்னார். அவ்வளவு பெரிய மனிதருக்கும் அது வேண்டியிருந்தது. லயம் அவர் கையில் இருந்தது. பெரியப்பாவின் மூச்சை அறிந்தவர் அப்பாதான்.

கச்சேரி அன்று அப்பா தாளம் போட உட்கார்ந்தார். மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களில் ஒரு தாளக் கிண்ணத்தின் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, வலது கையால் மற்றதைத் தட்டினார். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தூணோரம் நின்றேன். ‘தனி’ வந்தபோது வித்துவான் கூட்டத்தின் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவைப் பார்த்தேதான் வாசித்தார். வலது கை விரல்களில் மாட்டியிருந்த கூடுகள் தோலில் பொரிந்தன. மிஸ்ர நடையில், ஏழேழாக எண்ணும் கணக்கில், ஒரு கோர்வை வைத்தார். அப்பாவின் தாளம் இம்மி பிசகவில்லை. அந்தக் கோர்வையை அப்பா கட்டு பிரிக்கும்வரை வாயால் சொல்லிக்கொண்டே திரிந்தார், குளிக்கும்போதும் சொன்னார். நீ பள்ளிக்கூடப் பையின் மீது தட்டிக்கொண்டு போவாயே, போன வருடம் உங்கள் குழுவின் பாட்டில் கடைசியில் வைத்தாயே, அது அங்கிருந்து வந்த சரக்குதான்.

பெரியப்பாவுக்கு அடுத்த சீசனுக்கு அச்சாரம் வந்தபோது, தவிலுக்கு யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அது கோயில் மேளம், நாங்கள் மேடைக் குழு என்று நீ சொல்வாய். சரி, உங்கள் பக்கத்துக்கே வருகிறேன். பீட்டில்ஸ் குழுவின் டிரம்ஸ்காரர் ரிங்கோ ஸ்டார் கதையைப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நீதானே எனக்குச் சொன்னாய்? 1964 ஜூனில் சுற்றுப்பயணம் புறப்படும் முந்தைய நாள் தொண்டையில் டான்சில் வீங்கி அவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். ஜிம்மி நிக்கோல் என்பவரை அவசரமாகப் பிடித்துக் கோபன்ஹேகனுக்கு விமானம் ஏறினார்கள். ரிங்கோ இல்லாமல் போவதில்லை என்று அதே குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் முதலில் முரண்டு பிடித்தாராம். படுக்கையில் கிடந்த ரிங்கோவுக்கு, இவர்களுக்கு இனி என்னைப் பிடிக்காது போலிருக்கிறதே என்று தோன்றியதாம். உனக்கு இப்போது தோன்றுவதும் அதே நினைப்புதான். அந்த மாதமே மெல்போர்னில் அவர் தம் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார்.

நிக்கோல் அவ்வளவாகப் பெயர் பெற்றவர் இல்லையே, என் இடத்தில் வந்திருப்பவர் மலையாயிற்றே என்பாய். தம்பி இன்னொரு கதை எடுத்துக் கொடுத்தான். டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவிலிருந்து கிட்டார்காரர் ரிச்சி பிளாக்மோர் 1993 இறுதியில் பயணத்தின் நடுவிலேயே விலகிக்கொண்டார். அந்த இடத்தில் வந்து கிட்டார் வாசித்தவர் ஜோ சாட்ரியானி, தனியாகவே அரங்கம் நிரப்பக்கூடியவர். ஜப்பானை முடித்தார், அடுத்த வருடம் ஐரோப்பாவிலும் வாசித்தார். இருந்துவிடுங்கள் என்று கேட்டார்கள். அவருக்குத் தம் சொந்த இசைத்தட்டு ஒப்பந்தம் இருந்தது, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். பிறகு நிரந்தரமாக வந்தவர் ஸ்டீவ் மோர்ஸ். அவரும் 2022இல் மனைவியின் உடல்நிலைக்காக ஒதுங்கினார். அப்போது தற்காலிகமாக வந்த சைமன் மெக்பிரைட், சாட்ரியானி அளவுக்கு உலகம் அறிந்தவர் இல்லை. இன்று அந்த இடம் அவருடையது. மோர்ஸ் தாமாகவே விலகியவர், யாரும் தள்ளிவிடவில்லை. இருந்தாலும் கணக்குப் பிள்ளையாக இத்தனை காலம் செட்டுக்கு வரவுசெலவு எழுதியவளுக்கு இதில் ஒன்று தெரிகிறது. பெரிய பெயருக்குச் சொந்தமாக நூறு வேலை, அவர் உன் நாற்காலியில் தங்க மாட்டார். அவருக்கு அது கட்டுப்படியாகாது. நன்றாக வாசித்துக்கொண்டு கையில் வேலை இல்லாமல் இருக்கும் இளம்பிள்ளை வந்தால்தான் நான் உனக்காக ஒரு ராத்திரி தூக்கம் கெடுவேன். அதனால் உன் குழுவினர் இந்தப் பெரியவரைக் கேட்டதை உனக்குச் செய்த உபகாரம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அவர்களுக்கே அது தெரியுமோ என்னவோ.

ஆகவே இப்போது செய்ய வேண்டியதைச் செய். கதவைச் சாத்திக்கொண்டு படுக்காதே. அந்தப் பெரியவர் ஒத்திகைக்கு வருவதற்கு முன்பே பாட்டு ஒவ்வொன்றையும் எழுதி அவர் கையில் சேர்ப்பித்துவிடு. வேகம், எண்ணிக்கை இதெல்லாம் பதிவைக் கேட்டாலே அவருக்குப் பிடிபட்டுவிடும். பதிவில் இல்லாததை எழுது. பாடகன் எந்தப் பாட்டில் அவசரப்படுவான், அந்தப் படகுப் பாட்டில் வயலின்காரி எந்த இடத்தில் உன்னைப் பார்த்துவிட்டு நுழைவாள், கடைசிப் பாட்டைக் கூட்டம் விடாவிட்டால் எத்தனை சுற்று நீட்டுவீர்கள் என்பவை. அது உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒத்திகைக்குப் போய் அருகில் உட்கார். அவர் கணுக்கையை எப்படி விடுகிறார் என்று பார். உனக்கு வந்த வலியே பிடியை இறுக்கியதால் வந்ததோ என்று அப்பாவுக்குச் சந்தேகம். அவர் சந்தேகம் இருக்கட்டும், டாக்டரிடம் கேட்டுக்கொள்.

பணத்தைப் பற்றியும் பேசிவிடு. வெட்கப்படாதே. வருகிறவருக்குக் கொடுப்பது குழுவின் பொதுப் பணத்திலிருந்தா, நிகழ்ச்சி நடத்துபவர் தனியாகத் தருகிறாரா என்று கேள். கொட்டாரக்கரையில் கமிட்டி தனியாகத்தான் கொடுத்தது, செட்டின் பங்கில் கை வைக்கவில்லை. நீ உருவாக்கிய பாட்டுகளுக்கு வரும் பங்கு நீ மேடையில் இல்லாவிட்டாலும் உனக்கு வர வேண்டும். எந்த ஊர் நிகழ்ச்சியிலிருந்து நீ திரும்புகிறாய் என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் வாங்கு. சிநேகிதர்கள்தான், இருந்தாலும் வாங்கு.

டாக்டர் சொன்ன கெடு முடியும்வரை குச்சியைத் தொடாதே. வர்மாணி எண்ணெய் கொண்டு வருகிறேன் என்று அப்பா நிற்கிறார். வீக்கம் இருக்கும் கையைத் தேய்க்கவிடாதே, அவர் மனம் நோகாமல் பாட்டிலை மட்டும் வாங்கி வைத்துக்கொள். சட்னி அரைப்பதையும் துணி பிழிவதையும் அந்தக் கையால் செய்யாதே. உன் அறைத்தோழியிடம் நான் சொன்னதாகச் சொல்.

முதல் நிகழ்ச்சிக்கு நாங்கள் மூவரும் பாலருவி எக்ஸ்பிரஸில் வருகிறோம். தம்பி கண்டிப்பாக அவரிடம் கையெழுத்து வாங்குவான், நீதான் அழைத்துப்போய் நிறுத்த வேண்டும். நான்கு டிக்கெட் எடுத்து வை, நான்காவது உனக்கு. மேடைக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிற வேலை வேண்டாம், எங்களோடு உட்கார்ந்து கேள். இடம் டிரம்ஸ் இருக்கும் பக்கமாகப் பார், ஸ்பீக்கருக்கு நேர் எதிரே எடுத்துவிடாதே. போன முறை எனக்கு இரண்டு நாட்கள் காது அடைத்திருந்தது.

அன்புடன்
அம்மா