தனி ஆவர்த்தனமும் பதினேழு ரன்னும்

அன்பு மாப்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? மகள் கேமரா வாங்கிவிட்டாள் என்பதுதான் உன் கடிதத்தின் தலைப்புச் செய்தி. அதைக் கொண்டுபோய்க் கடைசி வரியில் போட்டிருக்கிறாய். எங்கள் பத்திரிகை டெஸ்க்கில் இருந்திருந்தால் திட்டு வாங்கியிருப்பாய்.

எழுதுவதையும் படம் எடுப்பதையும் ஒரே ஆள் எப்படிடா செய்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். உண்மையைச் சொன்னால், செய்வதில்லை. ஒன்றைச் செய்கிற நேரத்தில் மற்றதை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்.

போன மார்கழியில் மயிலாப்பூரில் ஒரு கச்சேரி. கல்யாணியில் ராகம் தானம் பல்லவி முடித்து, தனி ஆவர்த்தனத்துக்கு, அதாவது மிருதங்கமும் கடமும் மட்டும் வாசிக்கிற இடத்துக்கு, விட்டார்கள். மிருதங்கக்காரர் பாடகருக்கு வலப்பக்கம் உட்காருவார், வலக்கை வாசிக்கிற முகமான வலந்தலை சபையைப் பார்க்கும், தெரியும்தானே. அவர் முகமும் வலக்கையும் ஒரே படத்தில் விழவேண்டுமென்றால் நாம் அரங்கின் வலது ஓரத்துக்குப் போகவேண்டும். போனால் வயலின்காரரின் முதுகு குறுக்கே நிற்கும். (அந்தக்கால மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். அவர் வாசித்த காலத்தில் படம் எடுத்தவன் எந்தப் பக்கம் ஓடினானோ!) எப்படியோ குனிந்து, தவழ்ந்து ஒரு தூண் மறைவைப் பிடித்தேன்.

எனக்கு வேண்டியது கை பறக்கிற படமில்லை. அது எல்லாரிடமும் இருக்கிறது. தனி முடியப்போகிறது என்று சொல்லும் மோரா வந்து, முடிப்புக் கணக்கான கோர்வை மூன்று முறை ஒலித்து, பாடகர் பல்லவியை மறுபடி எடுக்கும் இடத்தில் மேடையில் இருக்கிற எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள் பார், அந்த அரை நொடி. அது எப்போது வரும் என்று தெரிய, தொடையில் தாளம் போட்டு எண்ணிக்கொண்டே இருக்கவேண்டும். எண்ணினேன். கிடைத்தது. இந்த வருடம் நான் எடுத்ததில் அதுதான் நல்ல படம்.

ராத்திரி விமர்சனம் எழுத உட்கார்ந்தால், மிருதங்கமும் கடமும் மாறி மாறிச் சுருக்கிக்கொண்டே வாசிக்கிற குறைப்பில் கடம் என்ன பதில் சொன்னது என்று ஒரு எழுத்து நினைவில் இல்லை. எண்ணியதுதான் நினைவிருக்கிறது, கேட்டது இல்லை. என் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு மாமாவை மறுநாள் கேன்டீனில் பிடித்துக் கேட்டேன். "நீதானேப்பா முன்னாடி நின்னு மறைச்சே, நான் எங்கே பார்த்தேன்" என்றார். கடத்தைக் கேட்கக் கண் எதற்கு என்று கேட்க நினைத்தேன். காபி அவர் கணக்கு என்பதால் விட்டுவிட்டேன். விமர்சனத்தில் கடத்துக்கு ஒரே வரி போட்டேன். இன்னும் உறுத்துகிறது.

முன்பாவது சத்தம் ஒரு வேலியாக இருந்தது. பழைய கேமரா ஆலாபனை நடுவில் 'டக்' என்றால் நாலு மாமிகள் திரும்புவார்கள், நானும் அடங்கிக் கேட்பேன். இப்போது உள்ளே கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' கேமரா, சத்தமே இல்லை. நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால் எடுத்துக்கொண்டே இருக்கிறேன். (சத்தமில்லாமல் எடுத்தால் சில எல்இடி விளக்குகளில் படம் முழுக்கப் பட்டை பட்டையாக விழும். மகளிடம் சொல்லிவை.) பழைய கேமராவில் இன்னொரு வேடிக்கை உண்டு. பட்டனை அழுத்தும் நொடியில் உள்ளே கண்ணாடி எழும்பி, பார்வை இருட்டிவிடும். ஆக, நல்ல படம் கிடைத்ததென்றால் அந்த நொடியை நீ பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கிரிக்கெட்டும் அப்படித்தான். எல்லைக் கோட்டுக்கு வெளியே முக்காலி போட்டு, பெரிய லென்ஸில் நாள் முழுக்க ஒரே மட்டையாளரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஸ்லிப்பில் கேட்சை விட்டது யார் என்று பக்கத்து ஆளைத்தான் கேட்கவேண்டும்.

1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நாம் பார்த்தது மட்டும் அப்படியே இருக்கிறது. இலக்கு 271. முதுகு வலியோடு சச்சின் 136. அவர் அவுட்டானபோது பதினேழு ரன்தான் பாக்கி. அந்த அமைதி, மாப்ள! அவ்வளவு பெரிய மைதானத்தில் யாரோ தண்ணீர் பாக்கெட்டைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. மீதி மூன்று விக்கெட்டும் நாலு ரன்னில் போய், பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தது. அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து கைதட்ட, பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். நீ அழுதாய் என்று நான் சொல்கிறேன். வெயிலில் கண் எரிந்தது என்று நீ இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகச் சாதிக்கிறாய். அன்றைக்கு என்னிடம் கேமரா இல்லாமல் போனதில் லாபம் உனக்குத்தான்.

இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். கச்சேரியில் முதல் அரைமணி படம், கடைசியில் அந்த அரை நொடிக்கு மட்டும் மறுபடி கேமரா. நடுவில் பையை மூடிவிட்டு நோட்டோடு உட்கார்ந்துவிடுகிறேன். நல்ல படங்கள் போகத்தான் போகின்றன. எடிட்டருக்கு இதில் வருத்தம். வந்த படத்தையும் மைக் முகத்தை மறைக்கிற மாதிரி வெட்டிப் போடுகிறவருக்கு என்ன வருத்தமோ!

தையில் அலங்காநல்லூருக்கு வருகிறேன். மகளையும் கூட்டிக்கொண்டு போகலாம். வாடிவாசலை விட்டு நேரே ஓடுகிற மாட்டில் புழுதிதான் மிஞ்சும், நின்னு விளையாடுற காளைக்குக் காத்திருக்கவேண்டும். காலையில் முதல் நாலு மாட்டைக் கேமராவைத் தொடாமல் பார்க்கட்டும். பழைய பனியன் துணி ஒன்று எடுத்து வரச் சொல். லென்ஸைத் துடைக்க அல்ல, மூடி வைக்க.

உன்,
மாப்ள