கோத்தகிரி இ-சேவை மையத்தில் உதவிய அக்காவுக்கு

அக்கா, உங்கள் பெயரைக் கேட்பதற்குள் குன்னூர் பஸ் வந்துவிட்டது. அதனால் நன்றியை இங்கே சொல்கிறேன்.

என் மகள் அரசு மகளிர் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு வீட்டிலுள்ளவர்கள் படிப்பைப் பற்றி உறுதிமொழி தர வேண்டும். கொழுந்து பறிக்கும் என் மாமியார் அந்தத் தாளைப் பார்த்துப் பயந்துவிட்டார். நீங்கள் வரிசையில் உங்கள் இடத்தை விட்டு வந்து, ஒவ்வொரு வரியையும் அவருக்கு வாசித்துச் சொன்னீர்கள். அந்தப் பொறுமைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு மருத்துவத்துக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தோம். 2021 முதல் பொறியியல், வேளாண்மை, சட்டத்துக்கும் உண்டு என்று நீங்கள்தான் சொன்னீர்கள். மகள் வேளாண்மைக்கு விண்ணப்பித்தாள்; இடம் கிடைத்துவிட்டது!

கூட வந்த அவள் தோழிகளையும் நீங்கள் விடவில்லை. ஒருத்தி ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். தையல் கற்க விரும்பியவள் கூச்சத்தோடு ஒதுங்கி நின்றாள். ஐடிஐ-யில் சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு என்று அவளிடம் சொன்னீர்கள். டாக்டராகப் போகிறவளிடம் பேசும் அதே மரியாதையோடு பேசினீர்கள். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

மகள் அடுத்த வாரம் கோயம்புத்தூர் கிளம்புகிறாள். இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள், அக்கா. உங்களிடம் நேரில் ஆசி வாங்க வேண்டும் என்கிறாள்.