தராசில் நிறுக்க வேண்டிய புத்தகங்கள்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் 'வரப்பெற்றோம்' பக்கத்தில், ஒரு சிறிய பதிப்பகத்தார் அனுப்பிய புத்தகங்களைப் பற்றி உங்கள் மதிப்புரையாளர் எழுதியிருந்தார். ஒரு கவிதைத் தொகுப்பு, இரண்டு துப்பறியும் நாவல், தமிழ்நாட்டில் பஸ் ஓடத் தொடங்கிய கதையைச் சொல்லும் ஒரு வரலாற்று நூல். கவிதைக்கு முக்கால் பக்கம். நாவல்கள் இரண்டுக்கும் சேர்த்து 'பொழுது போகாதவர்கள் படிக்கலாம்' என்று அரை வரி. கடைசியில், "கவிதையையும் கொலையையும் பஸ்ஸையும் ஒரே கட்டாகக் கட்டி அனுப்பினால் மதிப்புரையா எழுத முடியும்? தராசில்தான் நிறுக்க வேண்டும்" என்று முடித்திருக்கிறார். பஸ் புத்தகத்தின் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

அவர் தமாஷாக எழுதியிருப்பார். நீங்களும் சிரித்துக்கொண்டே அச்சுக்கு அனுப்பியிருப்பீர்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நான் ஓய்வுபெற்ற கிளை நூலகன். அப்படி ஒரே கட்டாக வருகிற புத்தகங்களைப் பிரித்து அடுக்குவதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. சணலை அறுத்து, பதிவேட்டில் ஏற்றி, முத்திரை குத்தி, முதுகில் எண் எழுதி ஒட்ட வேண்டும். தமிழ்க் கவிதை என்றால் ஓ31,1. நாவல் என்றால் ஓ31,3. போக்குவரத்துக்கு எக்ஸ்4. எங்கள் சீர்காழிப் பக்கத்து எஸ்.ஆர். ரங்கநாதன், நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுப்பதற்காக 1933ல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை இது, தங்களுக்குத் தெரியாததல்ல. கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரானவர் அவர். அவருடைய எண்களில் எது உசத்தி, எது மட்டம் என்று கிடையாது. 1931லேயே நூலகங்களுக்கென்று அவர் சொன்ன ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். தராசைப் பற்றி விதி எதுவும் இல்லை.

அதே 1931ல்தான் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அதைத் தொடங்கி வைத்தவரும் ரங்கநாதன்தான். புத்தகமும் போக்குவரத்தும் ஒரே நுகத்தடியில் பூட்டப்பட்ட ஊர்க்காரனிடம் வந்து, பஸ்ஸுக்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறார் உங்கள் மதிப்புரையாளர்.

எந்தப் புத்தகத்தை யார் படிக்கிறார்கள் என்று அவர் எந்த நூலகத்திலாவது போய்ப் பார்த்திருப்பாரா, தெரியவில்லை. பின்னட்டையின் உள்பக்கத்தில் தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும். எங்கள் கிளையில் துப்பறியும் நாவல் ஒவ்வொன்றிலும் அது நிறைந்து, அதன் மேல் இன்னொன்று, அதற்கும் மேல் இன்னொன்று என்று அட்டை மாதிரித் தடித்துப் போயிருக்கும். கொலைகாரன் யார் என்று முதல் பக்கத்திலேயே பால்பாயின்ட் பேனாவால் எழுதிவிட்டுப் போகிற மகாபாவி ஒருவன் ஊருக்கு ஊர் உண்டு. எங்கள் ஊரிலும் இருந்தான். அவனைக் கண்டுபிடிக்கவே தனியாக ஒரு துப்பறிவாளர் வேண்டியிருந்தது. கல்லூரியில் சங்க இலக்கியம் நடத்திய ஒரு பேராசிரியர் வாரம் தவறாமல் வருவார். தொகைநூல் ஒன்றைக் கையில் பிடித்துக்கொள்வார். துப்பறியும் நாவலைத் தினத்தாளில் சுற்றி வாங்கிப் போவார். யாரைப் பார்த்து அவருக்கு அந்த வெட்கம்? உங்கள் 'பொழுது போகாதவர்கள்' மாதிரியான அரை வரிகளைப் பார்த்துத்தான்.

எக்ஸ்4 அலமாரியின் கதை வேறு. அதில் புத்தகமே கொஞ்சம்தான். பக்கத்து அலமாரியில் இருந்த டீசல் எஞ்சின் பழுதுபார்க்கும் புத்தகத்தில் கியர் பெட்டிப் படம் உள்ள பக்கம் முழுக்கக் கிரீஸ் விரல் ரேகை. தனியார் பஸ் கொட்டகையில் வேலை பார்த்த ஒரு மெக்கானிக் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போவார். "கறை பண்ணிட்டேன் சார், அபராதம் போட்டுக்குங்க" என்று அவரே வந்து நிற்பார். நான் ஒருநாளும் போடவில்லை. அதைப் படித்து முடித்தபின் அவர் கவிதைக்கு வந்தார், இலக்கிய ரசிகர் ஆனார் என்று நான் எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அவர் வரவில்லை. எதற்கு வர வேண்டும்? அவருக்கு வேண்டியது எங்களிடம் இருந்தது, எடுத்துக்கொண்டார்.

நூலகத்தில் அதிகமாகக் கேட்கப்பட்ட புத்தகம் எது என்று ஒருமுறை மேலதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தபோது கேட்டார். ரயில்வே கால அட்டவணை என்றேன். முகத்தைச் சுளித்தார். அவரும் தங்கள் இதழின் சந்தாதாரர்தான்.

கவிதை என் எதிரியல்ல. போக்குவரத்தைப் பற்றிப் பேசினாலே கவிதைக்குத் தீட்டு என்று நினைக்கிறாரே, அதைத்தான் சொல்கிறேன். புறநானூற்றில் 102ஆம் பாட்டு அவருக்கு நினைவிருக்கும். ஔவையார் பாடியது. உப்பு வணிகரின் வண்டி. பாரம் அதிகம், காளைகளோ இன்னும் நுகம் பழகாதவை. வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ, யாருக்குத் தெரியும் என்று வண்டிக்குக் கீழே ஓர் உதிரி அச்சைக் கட்டி வைத்திருக்கிறார்கள். சேம அச்சு. பொகுட்டெழினி என்கிற தலைவனைப் புகழ அந்த அச்சுதான் ஔவைக்குக் கிடைத்தது. இன்று ஒருவர் லாரியின் ஸ்டெப்னியை வைத்துக் கவிதை எழுதி அனுப்பினால் உங்கள் அலுவலகத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவ்வளவு தூரம் போவானேன்? போன நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் குஜிலி பஜாரில் சல்லிசாக அச்சடித்துக் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கொலைச் சிந்து, ரயில் விபத்துச் சிந்து, வெள்ளச் சிந்து என்று சந்தையிலே பாடிப் பாடி விற்றார்கள். பாட்டாகப் பார்த்தால் ஓ31,1. விஷயம் கொலை, வண்டி ரயில். மட்டக் காகிதத்தில் நாலைந்து தாள்தான். அதை வாங்கியவர் யாரும் தராசு கேட்கவில்லை. 1952ல் போட் மெயில் ரயிலில் வந்த டிரங்குப் பெட்டியை மானாமதுரையில் திறந்தால் உள்ளே தலையில்லாத உடல் கிடந்தது. ஆளவந்தார் கொலை வழக்கு என்று நாடே பேசியது. அதை எழுத வருகிறவருக்குத் துப்பறியும் கதை தெரிந்தால் மட்டும் போதுமா? எந்த வண்டி எத்தனை மணிக்கு எழும்பூரில் கிளம்பியது என்றும் தெரிய வேண்டாமா?

தெரியாமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்குத் தங்கள் இதழே சாட்சி. சில ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட சென்னைச் சிறப்பிதழில், சுதந்திரம் வந்த கையோடு டிராம் நின்றுவிட்டதாக ஒரு கட்டுரையாளர் உருகியிருந்தார். 1895ல் ஓடத் தொடங்கிய டிராம் நின்றது 1953 ஏப்ரலில். நான் உடனே கடிதம் எழுதினேன். கடிதமும் வரவில்லை, திருத்தமும் வரவில்லை. அதற்கு முந்தைய தீபாவளி மலர் பற்றி எழுதியதை வெளியிட்டீர்கள். இரண்டு பக்கக் கடிதத்தில் 'மலர் மணம் வீசியது' என்ற ஒரு வரியை மட்டும். அது வெள்ளி நகை விளம்பரங்களுக்கு நடுவே கவிதைகளைச் செருகியதைக் குத்திக்காட்ட நான் எழுதிய வாக்கியத்தின் முன்பாதி! என் சம்பந்தி தொலைபேசியில் அழைத்துப் பாராட்டினார்.

அந்தக் காலத்தில் தங்கள் மதிப்புரைப் பக்கத்தில் நூலின் பெயர், ஆசிரியர், பக்கம், விலை, பதிப்பகத்தின் முழு முகவரி எல்லாம் இருக்கும். அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்துத்தான் கொள்முதலுக்குப் பரிந்துரை எழுதுவேன். எழுதியவை வந்தன என்று சொல்லவில்லை. சென்னையில் யாரோ தேர்ந்தெடுத்து அனுப்பியதுதான் வரும். ஒரே தலைவரின் வரலாறு அட்டை மட்டும் மாறி ஏழெட்டு விதமாக வரும். தையல் மெஷின் பழுதுபார்ப்பு கேட்டால் கிடைக்காது. ஆனாலும் எழுதிப் போட ஒரு முகவரி இருந்தது. இப்போது அட்டைப்படத்தைப் பெரிதாகப் போட்டு, மதிப்புரையாளரின் படத்தை அதைவிடப் பெரிதாகப் போடுகிறீர்கள். விலையைக் காணோம்.

இதெல்லாம் யார் காசு என்றும் ஒரு வார்த்தை. 1948ல் சென்னை மாகாணத்தில் வந்தது, சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம். அதனால்தான் இன்றும் சொத்து வரியோடு நூற்றுக்குப் பத்து நூலக வரியாகக் கட்டுகிறோம். கவிதை படிக்கிறவர் வீட்டுக்கு ஒரு வரி, பஸ் ஓட்டுகிறவர் வீட்டுக்கு ஒரு வரி என்று ரசீது போடுவதில்லை.

அந்தப் பஸ் புத்தகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. 1912ல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் விட ஆரம்பித்தது, இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் இல்லாமல் கரி எரித்து அந்த வாயுவில் வண்டி ஓட்டியது, 1972ல் பல்லவன், பாண்டியன் என்ற அரசு போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தது எல்லாம் அதில் இருக்கலாம். கரி பஸ்ஸில் போனவர்கள் பேசியதைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டுமாம். அதை யாராவது ஒழுங்காக எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க ஆசை. புத்தகம் சுமாராகவும் இருக்கலாம். இருந்தால் சுமார் என்று எழுதட்டுமே, அதற்குப் பெயர்தானே மதிப்புரை.

ஆகவே தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில் எங்காவது ஒரு மூலையில் அந்த நூலின் பெயர், விலை, கிடைக்குமிடம் மூன்றையும் போடுங்கள். இனிமேல் 'வரப்பெற்றோம்' பகுதியில் எல்லா நூல்களுக்கும் அப்படிப் போட முடிந்தால் இன்னும் நல்லது. மதிப்புரையாளருக்கு அந்தப் பிரதி வேண்டாமென்றால், எடைக்குப் போடுவதற்கு முன் எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். தபால் செலவை நான் கொடுத்துவிடுகிறேன். சந்தா வரும் மார்ச்சில் முடிகிறது. புதுப்பிப்பதைப் பற்றி அப்போது எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை நூலகர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.